மழை பெய்தும் ஏன் தண்ணீர் இல்லை? ராமநாதபுரத்துக்காரர்கள் வாங்க, பேசலாம்

சாயல்குடிக்காரி | திங்கள், இரவு 9.10

வணக்கம். ஒரு வாரமாக மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது, இங்கே கொட்டிவிடுகிறேன். நான் பிறந்தது சாயல்குடி பக்கம் ஒரு கிராமம், வேலை கோயம்புத்தூரில். எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு இடமாறுதல் வந்தது. உடனே பக்கத்து மேசைக்காரர், "தண்ணியில்லாக் காட்டுக்கா? ராமநாதபுரமா?" என்று கேட்டார். சின்ன வயசிலிருந்து கேட்டுப் பழகின பேச்சுதான், ஆனாலும் அன்றைக்குச் சுருக்கென்றது. அப்புறம் என்னைப் பார்த்து, "உங்க ஊர்ல மழையே கிடையாதாமே" என்றார்.

மழை உண்டு. எங்கள் மாவட்டத்துச் சராசரி ஆண்டுக்கு 800 மில்லிமீட்டருக்கு மேல். கோயம்புத்தூர் நகரத்தில் பெய்வது அதைவிடக் குறைவு. ஆனால் இங்கே சிறுவாணி வருகிறது, பில்லூர் வருகிறது, குழாயைத் திறந்தால் கொட்டுகிறது. எங்கள் ஊரில் அம்மா விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து ஓடை மணலில் ஊற்றுத் தோண்டப் போவார். நானும் கூடவே போவேன். இடுப்பளவு குழி, அடியில் ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர் சுரந்து நிற்கும். சிரட்டையால் மெதுவாக மொண்டு, மண் கலங்காமல் துணி கட்டின குடத்தில் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் கலங்கிவிடும், அப்புறம் தெளிகிற வரைக்கும் காத்திருக்கணும். ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆகும். பின்னால் எட்டுப் பேர் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

கோவையைவிட அதிகம் பெய்கிற மழை எங்கே போகிறது? "அது வறண்ட பூமி" என்கிற ஒரே பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

கடைமடை | திங்கள், இரவு 10.35

தங்கச்சி, நான் முதுகுளத்தூர் பக்கம். அஞ்சு ஏக்கர், நெல்லும் முண்டு மிளகாயும். தெரிந்ததைச் சொல்கிறேன்.

800 என்பது வருசக் கணக்கு. அதில் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாக வருவது, அதுவும் பத்துப் பதினைந்து நாளில் கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதமெல்லாம் வெயில்தான். எனவே வருகிற நாலு நாள் தண்ணீரைப் பிடித்து வைத்தால்தான் மீதி வருசத்துக்குப் பிழைப்பு. நம் தரையோ தட்டையானது. மலை இல்லை, பள்ளத்தாக்கு இல்லை, ஆழமான அணை கட்ட இடமே இல்லை. அதனால்தான் முன்னோர்கள் லேசாகச் சரிகிற நிலத்தில் பிறை வடிவில் கரை போட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களை உண்டாக்கினார்கள். ஒன்று நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்கு வழியாக அடுத்ததற்கு, அது நிறைந்தால் அதற்கடுத்ததற்கு. ராஜசிங்கமங்கலம் கண்மாயை "நாரை பறக்க முடியாத நாற்பத்தெட்டு மடை" என்பார்கள், கேள்விப்பட்டிருப்பாய். மடை என்றால் கண்மாயிலிருந்து வயலுக்குத் தண்ணீர் விடுகிற திறப்பு. அவ்வளவு நீளக் கரை.

ஆனால் கண்மாய்க்கு ஆழம் குறைவு, பரப்பு அதிகம். மாசி பங்குனி வெயில் மேலேயிருந்தே பாதியைக் குடித்துவிடும். வண்டல் சேரச் சேர ஆழம் இன்னும் குறையும். இது இயற்கை செய்வது. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. நம்ம ஊரில் தண்ணீர் செத்துப்போகிற இடம் கண்மாய் இல்லை, வரத்துக்கால். கண்மாயைப் படம் எடுத்துப் போடுகிறோம், தூர்வாருகிறோம், கரையில் மரம் வைக்கிறோம். அந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற கால் எங்கே என்று ஊரில் பத்துப் பேரைக் கேள், எட்டுப் பேருக்குத் தெரியாது. மேலூர்க்காரன் கொல்லை வழியாக, ரோட்டுக்கு அடியில் ஒரு சின்னக் குழாய்ப் பாலம் வழியாக, யாரோ பிளாட் போட்ட இடத்தின் நடுவில் என்று அது கிடக்கும். வாய் அடைத்த பானையை எவ்வளவு கழுவி வைத்தாலும் நிறையாது.

மேலாற்றுக்காரன் | செவ்வாய், காலை 7.50

நான் தேனி மாவட்டம். ராமநாதபுரத்துப் பேச்சு வந்தாலே கடைசியில் "மேலே இருக்கிறவன் தண்ணியைப் பிடிச்சிக்கிட்டான்" என்று முடியும், அதனால் முதலிலேயே வந்துவிட்டேன்.

வைகை எங்கள் வருசநாட்டு மலையில் பிறக்கிறது. மழை பெய்தால் மட்டும் ஓடுகிற ஆறு. 1895-இல் பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து இந்தப் பக்கம் தண்ணீரைத் திருப்பிய பிறகுதான் மதுரைப் பக்கம் நம்பி விவசாயம் பண்ண முடிந்தது. 1959-இல் வைகை அணை வந்தது. அணையின் முழு மட்டமான 71 அடி நிறைவதே பல வருசம் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் எங்களுக்கும் வயல் இருக்கிறது, பிள்ளைகுட்டி இருக்கிறது. பற்றாக்குறை எல்லாருக்கும்தான் அண்ணே.

கடைமடை | செவ்வாய், காலை 8.25

தம்பி, உன்மேல் குறையில்லை. நீ சொன்னது அத்தனையும் சரி. ஆனால் ஒரு கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வைகையின் பழைய ஆயக்கட்டுக்கு, அதாவது பழைய பாசன நிலத்துக்கு, ராமநாதபுரம் 7, சிவகங்கை 3, மதுரை 2 என்று பங்கு உண்டு. காகிதத்தில் பெரிய பங்கு எங்களுக்குத்தான். ஏன் தெரியுமா? ஆதியில் வைகையை நம்பி அதிக நிலம் இருந்தது இங்கேதான், ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரைக்கும்.

அணையில் திறந்துவிட்ட தண்ணீர் 7 பங்காக இங்கே வந்து சேர வேண்டுமே, அங்கேதான் சிக்கல். நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் காய்ந்த மணலில் ஓடிவர வேண்டும். முதல் தண்ணீரை ஆறே குடித்துவிடும், அது தப்பில்லை, மணல் குடித்தால் கரையோரக் கிணறு ஊறும். ஆனால் வழியில் ஆற்று மணலை எத்தனை வருசம் அள்ளினார்கள் என்று யோசித்துப் பார். படுகை ஆளுயரம் இறங்கிப்போன இடங்கள் உண்டு. பழைய காலத்தில் ஆற்றில் முழங்கால் தண்ணீர் போனாலே பக்கத்துக் கால்வாயில் ஏறும். இப்போது இடுப்பளவு போனாலும் கால்வாயின் வாய் மேலே நிற்கிறது, ஆறு கீழே போகிறது. வெள்ளம் வந்து மூன்று நாள் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன், எங்கள் காலில் ஒரு சொட்டு ஏறவில்லை. அந்த மூன்று நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

மண்வாசகன் | செவ்வாய், பகல் 1.15

நிலத்தடி பற்றி யாரும் பேசவில்லையே. பூகோள வாத்தியாராக இருந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ஆறு இல்லாவிட்டால் போர் போட வேண்டியதுதானே" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். போட்டால் வருவது சவர்த் தண்ணீர். கடல் பின்வாங்கியும் ஆறுகள் வண்டல் கொட்டியும் உண்டான நிலம் இது. உள்ளே கமுதி, கடலாடிப் பக்கம் கனமான களிமண், அதில் உப்பு தங்கியே இருக்கிறது. தண்ணீரும் சட்டென்று கீழே இறங்காது, மேலே தேங்கி ஆவியாகும்.

ஆனால் கடற்கரையை ஒட்டிய மணல்மேடுகளைப் பாருங்கள். மண்டபம், ராமேசுவரம் பக்கம் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் பத்து அடி தோண்டினால் நல்ல தண்ணீர். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அவர்களே நம்ப மாட்டார்கள். விசயம் இதுதான்: மழைத்தண்ணீர் மணலில் இறங்கி உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது, ஏனென்றால் அது கனம் குறைவு. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி வரைக்கும் உப்பைத் தள்ளி வைத்திருக்கும். அப்படியே திருப்பிப் பாருங்கள். மோட்டார் வைத்து மேல்மட்டத்தை 1 அடி இறக்கினால் உப்பு அடியிலிருந்து 40 அடி ஏறி வரத் தயாராகிவிடும். சிரட்டையால் மொள்ளும்போது அந்த நிலத்துக்கு ஒன்றும் ஆகாது. ஐந்து குதிரைத்திறன் மோட்டார் வைத்து லாரிக்கு ஏற்றி விற்றால், ஏழெட்டு வருசத்தில் கிணறு உப்பாகிவிடும். அந்த உப்பு நம் ஆயுளில் இறங்காது.

இறால் பண்ணைகளும் இருக்கின்றன. வயலுக்குப் பக்கத்தில் உப்புத் தண்ணீரை மாதக்கணக்கில் தேக்கினால் பக்கத்துக் கிணறு என்ன ஆகும்? 1996-லேயே உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகள் பற்றிக் கடுமையாகத் தீர்ப்புச் சொன்னது.

வேரோடுபிடுங்கு | செவ்வாய், மாலை 5.40

எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள். காரணம் ஒன்றுதான், சீமைக்கருவேலம். காற்றில் இருக்கிற ஈரத்தைக்கூட உறிஞ்சுகிற மரம். அது இருக்கிற வரைக்கும் எந்தக் கண்மாயும் நிறையாது. 2017-இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளையே அகற்றச் சொல்லி உத்தரவு போட்டது, இன்றைக்கும் அப்படியே நிற்கிறது.

கரிமூட்டம் | செவ்வாய், இரவு 8.05

அண்ணே, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் சாப்பாடு. என்னைப் படிக்க வைத்தது அந்தக் கரிதான், அதனால் நான் அதன் பக்கம் பேசுவதாக நினைக்கலாம். பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

கண்மாய்க்கு உள்ளேயும் வரத்துக்காலிலும் அந்த மரம் இருக்கக் கூடாது. இதில் எனக்கு உங்களோடு சண்டையே இல்லை. வேர் ஆழமாக இறங்கும், முள் அடர்ந்து தண்ணீர் போகிற வழியை மறிக்கும், வண்டலைப் பிடித்துவைத்து மேடாக்கும். ஆனால் "காற்றில் ஈரத்தை உறிஞ்சுது, அதனால் மழையே வரவில்லை" என்பதை நான் ஏற்கமாட்டேன். 2016-இல் தமிழ்நாடு முழுக்க வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்துபோனது. சென்னையிலும் குறைந்தது, தஞ்சாவூரிலும் குறைந்தது. மரமா காரணம்?

என் அப்பா சொல்வார்: "தண்ணி நிக்கிற கண்மாய்க்குள்ள கருவை முளைக்காது, ஆள் நடமாட்டம் இல்லாத கண்மாய்க்குள்ளதான் முளைக்கும்." நாம் கைவிட்ட இடத்தில் அது வந்து உட்கார்ந்தது. மழை பொய்த்த வருசத்தில் விறகும் கரியும் அதுதான் கொடுத்தது. வெட்டுங்கள், வேரோடு எடுங்கள். ஆனால் வெட்டின இடத்தில் அடுத்த மழைக்கு முன்னால் தண்ணீர் வர வழி பண்ணுங்கள், இல்லாவிட்டால் மூன்றே வருசத்தில் திரும்ப நிற்கும். எங்கள் ஊர்க் கண்மாயில் இரண்டு தடவை நடந்தது.

வால்வுமேஸ்திரி | புதன், காலை 6.30

ஓய்வுபெற்ற குழாய்க்காரன். ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் 28 வருசம். தெரிந்ததை எழுதுகிறேன்.

இந்த மாவட்டத்துக்குத் தண்ணீர் கொடுக்க அரசு முயற்சியே எடுக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நரிப்பையூரில் கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் நிலையம், நாளைக்கு 38 லட்சம் லிட்டர் திறன் என்று வைத்தார்கள். அப்புறம் திருச்சிப் பக்கம் காவிரிப் படுகையில் எடுத்து, புதுக்கோட்டை, சிவகங்கை வழியாக இங்கே கொண்டுவரும் திட்டம், 616 கோடி ரூபாய்ச் செலவில். காவிரித் தண்ணீர் முதல் நாள் வந்தபோது எங்கள் தெருவில் ஒரு பாட்டி குடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் இதில் இரண்டு விசயம் புரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, திருச்சியில் மின்சாரம் போனாலும் வழியில் ஒரு குழாய் வெடித்தாலும் கடலாடியில் குடம் காலி. இரண்டாவது, குழாய்க்கும் கடைமடை உண்டு. மேலே இருக்கிற ஊர்கள் நிரப்பிக்கொண்டு மிச்ச அழுத்தத்தில் வருவதுதான் கடைசி ஊருக்கு. அந்தக் கடைசி ஊர்கள் எவை? ஆற்றுக்குக் கடைசியாக இருந்த அதே ஊர்கள்தான். ஆற்றிலும் கடைசி, குழாயிலும் கடைசி.

சாலையோரம் குழாயில் காற்று வெளியேற ஒரு வால்வு வைத்திருப்போம். அதிலிருந்து லேசாகக் கசியும். கோடையில் அந்தக் கசிவுக்குக் கீழே தள்ளுவண்டியில் ஏழெட்டுக் குடம் வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள், மதியம் ஒரு மணி வெயிலில், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு. கசிவை அடைக்கச் சொல்லி என்னை அனுப்புவார்கள். நியாயம்தான், அங்கே சிந்துவது இன்னும் கீழே இருக்கிற ஊருக்குப் போக வேண்டியது. ஸ்பானரை எடுத்துக்கொண்டு போவேன், அவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். "அண்ணே, இன்னும் ரெண்டு குடம்" என்பார்கள். உட்கார்ந்து நிறைகிற வரைக்கும் காத்திருந்து அப்புறம் இறுக்குவேன். மறுவாரம் அதே இடம் திரும்பவும் கசியும். யார் தளர்த்தினார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஊருணிக்கரை | புதன், காலை 11.20

அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு வேலையே ஓடவில்லை. அந்தத் தள்ளுவண்டியை நானும் தள்ளியிருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். குழாய் வருகிறதுக்கு முன்னால் எங்கள் ஊரில் குடிநீருக்கென்றே ஒரு குளம், ஊருணி, இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது, ஆனால் யாரும் குடிக்க முடியாது. அந்தக் காலத்தில் சுற்றிலும் முள்வேலி, ஒரே ஒரு படித்துறை, செருப்போடு இறங்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, ஆடு மாடு அண்டக் கூடாது. காவலுக்கு ஒரு தாத்தா, அவருக்கு அறுவடையில் வீட்டுக்கு இத்தனை மரக்கால் என்று நெல். தண்ணீர் கலங்கலாகத்தான் இருக்கும். என் ஆச்சி தேத்தாங்கொட்டையை மண்பானையின் உள்பக்கம் வட்ட வட்டமாக உரசுவார், அப்புறம் தண்ணீரை ஊற்றி மூடி வைப்பார். காலையில் பார்த்தால் மண்ணெல்லாம் அடியில் படிந்து மேலே கண்ணாடி மாதிரி நிற்கும்.

குழாய் வந்தது, காவல்காரத் தாத்தாவுக்கு நெல் அளப்பது நின்றது. வேலி முள்ளை அடுப்புக்கு எடுத்தார்கள். அப்புறம் துவைத்தார்கள், மாடு இறங்கியது, ஒரு பக்கம் குப்பை. இது ஒரே வருசத்தில் நடந்தது இல்லை, பத்து வருசம் ஆகியிருக்கும். குழாய் நின்றுபோன அன்றைக்குத் திரும்பிப் பார்த்தால் ஊருணி போய்விட்டிருந்தது. இப்போது குடம் 10 ரூபாய், கேன் தனி.

பழசையெல்லாம் பொற்காலம் என்று பேசவும் என்னால் முடியாது. எங்கள் தெருக்காரர்கள் அந்தப் படித்துறையில் இறங்கக் கூடாது. கரையில் குடத்தை வைத்துவிட்டு நிற்க வேண்டும், யாராவது மனசு இரங்கி மொண்டு ஊற்றுவார்கள். எங்கள் அம்மாவுக்குக் குழாய் வந்தது விடுதலை. யார் கையையும் பார்க்காமல் தன் கையால் திறந்து தண்ணீர் பிடித்தார். ஊருணியைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசுங்கள். நான்கு பக்கமும் படி, எல்லாரும் இறங்கலாம் என்றால் நானே முதல் ஆளாக மண் சுமக்கிறேன்.

சாயல்குடிக்காரி | புதன், இரவு 9.00

ஊருணிக்கரை அக்கா, இதை எழுதினதுக்கு நன்றி. அம்மாவுக்குப் போன் பண்ணி இழை முழுவதும் வாசித்துக் காட்டினேன். உங்கள் பதிவு வந்ததும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "நம்ம பக்கமும் அப்படித்தான் இருந்துச்சு, நாங்க கேட்கலை" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது முதலில் கேட்டது "ஊர்ல தண்ணி எப்படி" என்றுதானாம், சம்பளம் அப்புறம்தானாம். வீட்டுக்கு வீடு இணைப்பு, ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர் என்று 2019-இல் வந்த திட்டத்தில் எங்கள் வாசலிலும் குழாய் வைத்திருக்கிறார்கள். வருகிற நாளில் வருகிறது.

கடைமடை அண்ணே, உங்களிடம் ஒரு கேள்வி. வரத்துக்கால் வரத்துக்கால் என்கிறீர்கள். 1858 சட்டம், ஊர்க்காரர்களே சேர்ந்து கண்மாயையும் காலையும் பராமரிக்கிற குடிமராமத்து என்றெல்லாம் வாத்தியார் வகுப்பில் படித்திருக்கிறேன், 2017-லும் அதே பேரில் அரசு திட்டம் போட்டது. அதில் இது சரியாகவில்லையா?

கடைமடை | புதன், இரவு 10.50

நல்ல வேலையும் நடந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாருடைய பொறுப்பு என்பதைப் பார். ஜமீன் போனபின் 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய் பொதுப்பணித் துறைக்கு (இப்போது நீர்வளத் துறை), அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்துக்கு. தண்ணீருக்கு இந்தப் பிரிவினை தெரியாது. பெரிய கண்மாயின் கலுங்கிலிருந்து சின்னக் கண்மாய்க்குப் போகிற காலை யார் பார்ப்பது? கண்மாய்க்குள் தோண்டினால் வண்டல் கிடைக்கும், வயலுக்கு அடிக்கலாம், செங்கல் சூளைக்குப் போகும். வரத்துக்காலில் தோண்டினால் கிடைப்பது பக்கத்து ஊர்க்காரனோடு சண்டை. அதனால் எல்லாரும் கண்மாயையே தோண்டுகிறார்கள். சில இடத்தில் மடையைவிட ஆழமாகத் தோண்டி, மடை மேலே நிற்கிறது, தண்ணீர் கீழே நிற்கிறது.

நாங்கள் போன சித்திரையில் செய்ததைச் சொல்கிறேன். எங்கள் கால் மொத்தம் நாலரை கிலோமீட்டர். பதினோரு பேர் விடிகாலையில் புறப்பட்டு கண்மாயிலிருந்து மேலே நடந்தோம். முதல் ஒரு கிலோமீட்டர் கருவை, கரிமூட்டம் தம்பி சொன்ன மாதிரி. அப்புறம் ஒருவர் காலின் மேலேயே வைக்கோல் போர் போட்டிருந்தார். ரோட்டுக்கு அடியில் குழாய்ப் பாலம் முக்கால்வாசி மண் மூடியிருந்தது, உள்ளே கோணிச் சாக்கு, பாட்டில். இரண்டாவது ஊரில் பெரியவர் ஒருத்தர், "இது உங்க காலா? நான் ஓடைனு நினைச்சுல்ல உழுதுட்டேன்" என்றார். உண்மையிலேயே தெரியாமல்தான் உழுதிருக்கிறார். அந்த ஊருக்கும் ஒரு சின்னக் குட்டை உண்டு, முதலில் அது நிறையட்டும், அப்புறம் எங்களுக்கு என்று பேசி முடித்தோம். ஒரே ஒருத்தர் மட்டும் விடவில்லை, அந்த இடத்தில் அரை கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு வெட்டினோம்.

கார்த்திகையில் ராத்திரி இரண்டு மணிக்கு மழை விட்டதும் டார்ச் அடித்துக்கொண்டு போய் நின்றோம். செம்மண் நிறத்தில், நுரையும் சருகுமாகத் தண்ணீர் வந்தது. பதினேழு வருசத்துக்கு அப்புறம் அந்தக் காலில். கண்மாய் நிறையவில்லை, பாதிதான். ஆனால் ஊருக்குள் இருக்கிற நல்ல தண்ணீர்க் கிணறு இந்த வைகாசி வரைக்கும் இறைக்கிறது, போன வருசம் மாசியிலேயே காய்ந்துவிட்டது. மார்கழியில் நாலு கூழைக்கடாவும் வந்து இறங்கின. பக்கத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்களுக்கு வருகிற கூட்டத்தில் வழிதப்பி வந்திருக்கும்.

சாயல்குடிக்காரி | வியாழன், காலை 7.15

அண்ணே, எங்கள் ஊர்க் காலும் நடக்க வேண்டும். அடுத்த மாதம் பத்து நாள் லீவு போட்டு வருகிறேன். எங்கே தொடங்குவது? கால் எந்த வழி என்று காட்டுகிற ஆளே ஊரில் இல்லை.

கடைமடை | வியாழன், காலை 8.00

காகிதத்தில் இருக்கும். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் கிராம வரைபடத்தைப் பார், கண்மாய்க்கு வருகிற கோடுகளின் சர்வே எண்களைக் குறித்துக்கொள். நில விவரம் எழுதின அ-பதிவேட்டில் அந்த எண்களுக்கு நேரே "வாய்க்கால், புறம்போக்கு" என்று இருக்கும். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் புலப்படம் வாங்கு, அகலம் அதில்தான் தெரியும். எங்கள் காலுக்கு அகலம் 22 அடி என்று இருந்தது, தரையில் 4 அடிதான் மிஞ்சியிருந்தது.

மேலூர்க்காரர்களிடம் போகும்போது காகிதத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள். முதலில் அவர்கள் குட்டையைப் பார்க்க வந்ததாகச் சொல்.

ஊருணிக்கரை | வியாழன், காலை 8.40

சாயல்குடி தங்கச்சி, தேதியை இங்கே போடு. எங்கள் தெருவிலிருந்து ஆறு பேர் வருகிறோம். மண்வெட்டி எங்களிடமே இருக்கிறது.